சுவருக்குள் ஓடும் வயர்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு வயர்மேனின் பதில்கள்

வீட்டு வயரிங்கில் என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். முப்பத்தாறு வருடமாக இந்த வேலையே பார்க்கிறவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களைப் போடவில்லை. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘என்ன வாங்கிப் போட வேண்டும்?’ என்றே கேட்கின்றன. வாங்குவது கடைசி வேலை. சுவருக்குள் இப்போது என்ன இருக்கிறது, அது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. என் பதில்கள் எல்லாம் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு 35 வயது. வயரிங்கைத் தொட்டதே இல்லை. ஒரு எலக்ட்ரீஷியன் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர், எல்லாம் நன்றாகத்தானே எரிகிறது, எதற்குச் சுவரை உடைக்க வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேரில் யாராவது அளந்து பார்த்தார்களா? அதை முதலில் கேளுங்கள். லைட் எரிவதை வைத்து வயரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. உறை பொடிப்பொடியாக உதிரும் வயரிலும் லைட் எரியும். அதே மாதிரி, வயது ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் எல்லாவற்றையும் பிடுங்கவும் நான் சொல்ல மாட்டேன்.

35 வருடம் என்றால் அநேகமாக பி.வி.சி. உறை போட்ட செம்பு வயராக இருக்கும். சாதாரண பி.வி.சி. உறை, உள்ளே ஓடும் கம்பி 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாவதைத் தொடர்ந்து தாங்கும். அந்த எல்லைக்குள் இருக்கிற வரை பல பத்தாண்டுகள் உழைக்கும். சூடு ஏறினால்தான் ஆயுள் போகும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் உறையின் ஆயுள் பாதியாகிறது என்பது எங்கள் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு. அதனால்தான் ஒரே வீட்டில், ஒரே நாளில் இழுத்த வயர்களில், படுக்கையறை லைட் வயர் நேற்றுப் போட்டது போலவும் வாட்டர் ஹீட்டர் வயர் கருகி விறைத்தும் இருக்கும். வீட்டுக்கு வயது ஒன்றுதான். வயருக்கு வயது அது சுமந்த லோடைப் பொறுத்தது.

இரண்டு வகையை மட்டும் கண்டால் நான் பேரம் பேச மாட்டேன். ஒன்று, ரப்பர் உறைக்கு மேல் துணி பின்னிய மிகப் பழைய வயர். தொட்டு வளைத்தாலே ரப்பர் உதிரும். அதை முழுக்க மாற்றத்தான் வேண்டும். இன்னொன்று, அறைகளுக்குள் ஓடும் மெல்லிய அலுமினிய வயர். கரன்ட்டைக் கடத்தும் திறனில் அலுமினியம் செம்பில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அது இருக்கட்டும், தடிமனைக் கூட்டிச் சமாளிக்கலாம். தொந்தரவு ஜாயின்ட்டில் இருக்கிறது. அலுமினியம் செம்பைவிடக் கூடுதலாக விரிந்து சுருங்கும், ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், மேற்பரப்பில் கரன்ட்டைக் கடத்தாத ஆக்ஸைடு படியும். மூன்றும் சேர்ந்து ஸ்க்ரூ தானாக லூஸ் ஆகிவிடும்.

லூஸ் ஆனால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஒரு ஜாயின்ட்டில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். சாதாரண மீட்டரில் சரியாகத் தெரியக்கூட மாட்டாது. அதில் 15 ஆம்பியர் ஓடினால் 15-ஐ 15-ஆல் பெருக்கி 0.1-ஆல் பெருக்க வேண்டும்: 22.5 வாட். ஒரு சிறிய சால்டரிங் அயர்ன் ஏறக்குறைய அவ்வளவுதான். அதைச் சூடாக்கி சுவிட்ச் போர்டுக்குள் வைத்து மூடிவிட்டுத் தூங்கப் போவீர்களா? நான் பார்த்த கருகிய போர்டுகளில் மிகப் பெரும்பாலானவை வயரின் நடுவில் கருகவில்லை. ஸ்க்ரூவில்தான் கருகியிருந்தன.

சரி, நீங்களே என்ன பார்க்கலாம்? போர்டின் முகத்தில் பழுப்பு நிறம், பிளக்கை உருவும்போது பின்கள் கையைச் சுடுவது, சுவிட்ச் போடும்போது ‘சிர்ர்’ என்ற சத்தம், மீன் வாடை போல ஒரு பிளாஸ்டிக் வாடை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த போர்டின் எம்.சி.பி.யை (கரன்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனை அறுக்கும் சுவிட்ச்) அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வாடை வந்து வந்து போனால் ‘சரியாகிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். லோடு ஓடும் நேரத்தில்தான் அது வரும்.

வருபவரிடம் மெக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். வயரின் உறை எவ்வளவு நன்றாகக் காப்பிடுகிறது என்று அளக்கும் கருவி அது. 230 வோல்ட் வீட்டு லைனில் மெயினை அணைத்து, டிவி, கம்ப்யூட்டர், எல்.இ.டி. லைட், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் டி.சி. கொடுத்து அளப்பார்கள். கழற்றாமல் அளந்தால் அந்தச் சாமான்கள் கெட்டுப்போகும். குறைந்தபட்சம் 1 மெகாஓம் வர வேண்டும் என்பது சர்வதேச விதி. நல்ல வயரில் அதைவிடப் பல மடங்கு வரும்; நூறு மெகாஓம் வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்தால், விதிப்படி பாஸ் ஆனாலும் நான் அந்த லைனைச் சந்தேகப்படுவேன். ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக அளந்து தாளில் எழுதி வாங்குங்கள். எந்த லைனை மாற்றலாம், எதை விடலாம் என்று அந்தத் தாள் சொல்லிவிடும். யாரை நம்புவது என்ற கேள்வியே வராது.

கேள்வி: வாட்டர் ஹீட்டர் ஓடும்போது இஸ்திரி போட்டால் கொஞ்ச நேரம் கழித்து எம்.சி.பி. விழுந்துவிடுகிறது. 16 ஆம்பியர் இருக்கிறது, 32 போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

போடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், போடாதீர்கள்.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். எங்கள் வீட்டில் பீங்கான் பியூஸ். அடிக்கடி போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் அப்பா சலித்துப்போய் மெல்லிய பியூஸ் வயருக்குப் பதில் தடியான செம்புக் கம்பியை வளைத்துச் செருகினார். அதற்கப்புறம் பியூஸ் போகவே இல்லை. மூன்றாவது மாதம் ஒரு இரவு, சுவரில் வயர் ஓடிய மரச் சட்டத்துக்குள்ளிருந்து புகை வந்தது. அம்மா விழித்துக்கொண்டதால் நாங்கள் எல்லாரும் வெளியே ஓடி வந்தோம். அப்பா தன் கையால் செருகிய கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான் இந்த வேலைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எம்.சி.பி. ஹீட்டரைக் காப்பதற்காக இல்லை. சுவருக்குள் இருக்கும் வயரைக் காப்பதற்காக இருக்கிறது. வயர் தாங்கும் ஆம்பியருக்கு மேல் எம்.சி.பி. போகக் கூடாது, அவ்வளவுதான் விதி. பைப்புக்குள் ஓடும் ஒன்றரை ஸ்கொயர் (கம்பியின் தடிமன் 1.5 சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர் ஏறக்குறைய 15 ஆம்பியர் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 25 ஆம்பியர் ஓடினால் சூடு ஒன்றே முக்கால் மடங்கு ஆகாது, கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகும். 32 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. அதன் கணக்கில் 25 என்பது சாதாரண லோடு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. 16-ஐத் தாண்டிய அந்த நொடியே விழாது. வீட்டு எம்.சி.பி.க்கான சர்வதேசத் தரப்படி, 1.13 மடங்கு வரை, அதாவது 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் விழக் கூடாது, 1.45 மடங்கில், அதாவது சுமார் 23 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். உங்கள் கணக்கைப் பாருங்கள். ஹீட்டர் 3000 வாட், இஸ்திரிப் பெட்டி 1000, அதே லைனில் ஹேர் டிரையர் 1500 என்றால் மொத்தம் 5500 வாட். 230-ஆல் வகுத்தால் 24 ஆம்பியர். சில நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு எம்.சி.பி. விழுகிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

விழும் விதத்தைக் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து விழுந்தால் ஓவர்லோடு. போட்ட கையோடு ‘டப்’ என்று விழுந்தால் ஷார்ட். லோடு குறைவாக இருந்தும் விழுகிறது, எம்.சி.பி.யும் சுடுகிறது என்றால் அதன் ஸ்க்ரூ லூஸ்.

உங்களுக்கு வழி: ஹீட்டருக்குத் தனியாக ஒரு லைன், 4 ஸ்கொயர் வயரில், தனி எம்.சி.பி.யோடு. அது வரும் வரை ஹீட்டர் ஓடும்போது இஸ்திரி வேண்டாம்.

கேள்வி: வாஷிங் மெஷினைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. மூன்று பின் பிளக்தான். எம்.சி.பி. விழவில்லை. செருப்புப் போட்டுக்கொண்டால் தெரிவதில்லை. பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டும். இன்றைக்கே அந்த பிளக்கை உருவி வையுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு ஒருவர் தொடும் நாளில் அது லேசாக இருக்காது.

மெஷினுக்குள் இரண்டில் ஒன்று நடக்கலாம். ஹீட்டரோ மோட்டாரோ கசிகிறது. அல்லது மின்சார இரைச்சலை வடிகட்டும் சிறிய கெபாசிட்டர் வழியாக இயல்பாகவே கொஞ்சம் கரன்ட் பாடிக்கு வருகிறது. எதுவாக இருந்தாலும் எர்த் சரியாக இருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிகிறது என்றாலே எர்த் இல்லை, அல்லது எங்கோ அறுந்திருக்கிறது. மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பக் கூடாது. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லாத சாக்கெட்டுகளை நான் எண்ணி முடியாத அளவு கழற்றியிருக்கிறேன்.

அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. எர்த் வயர் இல்லாத இடத்தில், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து (கரன்ட் திரும்பிப் போகும் வயர்) எர்த்துக்கு ஒரு துண்டு வயரைப் போட்டுவிடுவார்கள். டெஸ்ட் பண்ணினால் எல்லாம் சரி என்று காட்டும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால், மெஷினின் இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். உங்கள் சாக்கெட்டைத் திறக்கும்போது இதையும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயில் எர்த் வயரைச் சுற்றியிருந்தாலும் அதே ஆபத்துதான். நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு வந்தால் எர்த் முடிந்தது.

சரி, நல்ல எர்த் போட்டாயிற்று, போதுமா? போதாது. இதைப் பொறுமையாகப் படியுங்கள். வீட்டு வாசலில் கம்பி புதைத்து எடுத்த எர்த்தின் தடை 20 ஓம் என்று வைப்போம். மெஷின் பாடியில் ஃபேஸ் (கரன்ட் வரும் வயர்) முழுதாக ஒட்டிக்கொண்டால் ஓடும் கரன்ட் 230-ஐ 20-ஆல் வகுத்தது: 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழவே விழாது. பாடியில் வோல்டேஜ் அப்படியே நிற்கும், எர்த் வயர் வழியாக வீட்டிலுள்ள மற்ற இரும்புச் சாமான்களுக்கும் பரவும். (மின்நிறுவனத்தின் கேபிளோடேயே எர்த் வரும் வீடுகளில் இந்தத் தடை மிகவும் குறைவு, அங்கே எம்.சி.பி. விழும்.)

இந்த இடத்தில்தான் ஆர்.சி.சி.பி. வேண்டும். ஃபேஸில் போன கரன்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது அதன் வேலை. 30 மில்லி ஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் நூறில் மூன்று பங்கு குறைந்தால் 0.3 நொடிக்குள் அறுத்துவிடும். கசிவு அதில் ஐந்து மடங்கானால் 0.04 நொடிக்குள். அமெரிக்காவில் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், மனிதன் பிடித்த கம்பியை எத்தனை கரன்ட் வரை தானாக விட முடியும் என்று தன்னார்வலர்களை வைத்து அளந்தவர். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர்தான், பெண்களுக்கு இன்னும் குறைவு. அதற்கு மேல் கை இறுகிக்கொள்ளும். அந்த ஆராய்ச்சியிலிருந்துதான் 1961-ல் இதே முறையில் இயங்கும் காப்புக் கருவி ஒன்றை அவர் உருவாக்கினார். 16 ஆம்பியருக்குக் காத்திருக்கும் எம்.சி.பி. எங்கே, மில்லி ஆம்பியரில் போகும் உயிர் எங்கே?

அதன் டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள். ஆனால் பட்டனை அழுத்தி விழுந்தால் கருவி வேலை செய்கிறது என்று மட்டுமே அர்த்தம். எர்த் இருக்கிறதா என்று அந்தப் பட்டன் சொல்லாது. அதைத் தனியாக அளக்க வேண்டும். ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டால் ஆர்.சி.சி.பி. காப்பாற்றாது என்பதையும் மறக்காதீர்கள். அதன் கண்ணுக்கு நீங்கள் ஒரு பல்பு.

கேள்வி: ஆர்.சி.சி.பி. போட்ட நாளிலிருந்து மாடிப்படி லைட்டைப் போட்டாலே வீடு முழுக்க இருட்டு. தொல்லை தாங்காமல் அதைத் தாண்டி நேராக கனெக்‌ஷன் கொடுத்துவிட்டோம். தவறா?

தவறுதான், ஆனால் கோபம் புரிகிறது. கழற்றியவர் காரணத்தைத் தேடியிருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு சுவிட்ச் போட்டால் மட்டும் விழுகிறது என்றால், அந்த லைட்டின் ஃபேஸ் ஒரு லைனிலும் நியூட்ரல் அந்த ஆர்.சி.சி.பி. வழியாகப் போகாத வேறொரு லைனிலும் இருக்கும். பழைய வீடுகளில், மாடிப்படி லைட்டில் குறிப்பாக, வயர் மிச்சம் பிடிக்க பக்கத்து லைனின் நியூட்ரலை எடுத்துக்கொள்வார்கள். போன கரன்ட் அந்த வழியே திரும்பாததால் கசிவு என்று ஆர்.சி.சி.பி. நினைத்துக்கொள்கிறது. நியூட்ரலைப் பிரித்து அதனதன் லைனில் சேர்த்தால் தீர்ந்தது.

நேரம் காலம் இல்லாமல் விழுந்தால் வேறு காரணம். கம்ப்யூட்டர் மாதிரியான சாமான் ஒவ்வொன்றும் இயல்பாகவே துளித்துளி கசியும். 30 மில்லி ஆம்பியர் கருவி 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். வீடு முழுக்க ஒன்றே ஒன்று வைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்து வையுங்கள். மழை நாளில் மட்டும் விழுந்தால் வெளிச்சுவர் லைட்டையும் தோட்டத்து பிளக்கையும் பாருங்கள்.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக எரிகிறதே?

சுவிட்ச் ஃபேஸில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் நியூட்ரலில் இருக்கலாம். அப்படியானால் அணைத்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கிறது, பல்பு மாற்றும் கைக்கு ஆபத்து. சோதித்து மாற்றச் சொல்லுங்கள். ஃபேஸில்தான் இருக்கிறது என்றால், சேர்ந்து ஓடும் வயர்களுக்கு இடையே தாவும் சிறிய கரன்ட், அதில் ஆபத்தில்லை.

கேள்வி: சில நாட்களாக ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தால் ஒரு அறையில் லைட் மங்குகிறது, இன்னொரு அறையில் வழக்கத்தைவிடப் பிரகாசமாகிறது. எப்போது பார்க்கச் சொல்லலாம்?

இப்போதே. இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு மெயினை அணையுங்கள். மங்குவது மட்டும் என்றால் லோடு, லூஸ் என்று யோசிக்கலாம். ஒரு பக்கம் மங்கி மறு பக்கம் பிரகாசமானால் நியூட்ரல் அறுந்துகொண்டிருக்கிறது. மூன்று ஃபேஸ் வரும் வீட்டில் நியூட்ரல் முழுதாக விட்டுப்போனால் 230 வோல்ட் சாமானுக்கு 400 வோல்ட்டை நெருங்கிக்கூட வரும். மீட்டருக்கு முன்னால் கோளாறு என்றால் அதை மின்நிறுவனத்தார்தான் தொடலாம். அவர்களுக்கும் உடனே சொல்லுங்கள்.

கேள்வி: மின்சாரக் கார் வாங்குகிறோம். கராஜில் இருக்கும் பழைய பிளக்கிலேயே சார்ஜ் போடலாமா?

இஸ்திரிப் பெட்டி அரை மணி ஓடும், கார் இரவு முழுக்க ஓடும். அரை மணியில் சூடாகி ஆறிவிடும் லூஸ் ஸ்க்ரூ, எட்டு மணி நேரத்தில் உருகும். பழைய பிளக்கில் தினமும் போட வேண்டாம். மீட்டர் போர்டிலிருந்து நேராக, நடுவில் ஜாயின்ட் இல்லாமல், தனி லைன் இழுங்கள். 7.4 கிலோவாட் சார்ஜர் என்றால் தொடர்ந்து 32 ஆம்பியர்; குறைந்தது 6 ஸ்கொயர் செம்பு வேண்டும், தூரம் அதிகமானால் அதற்கும் மேலே. வீட்டுக்கு வரும் இணைப்பு அந்த லோடைத் தாங்குமா என்று முன்கூட்டியே மின்நிறுவனத்திடம் கேளுங்கள். கார் சார்ஜர் டி.சி. கசிவையும் உண்டாக்கலாம், சாதாரண ஆர்.சி.சி.பி. அதைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடும். டி.சி. கசிவையும் பார்க்கும் பி டைப் ஆர்.சி.சி.பி., அல்லது 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டறியும் வசதி சார்ஜருக்குள்ளேயே இருப்பது நல்லது.

கேள்வி: டெஸ்டர் எரியவில்லை என்றால் தைரியமாகத் தொடலாமா?

கூடாது. நியான் டெஸ்டர் உங்கள் உடம்பு வழியாகத்தான் எரிகிறது. காய்ந்த ஸ்டூல் மேல் நின்றால் எரியாமல் போகலாம். உள்ளே நியான் உடைந்திருந்தாலும் எரியாது. மீட்டரையோ டெஸ்ட் லேம்பையோ முதலில் உயிருள்ள ஒரு பிளக்கில் காட்டி வேலை செய்கிறதா என்று பாருங்கள், அப்புறம் வேலை செய்யும் இடத்தைச் சோதியுங்கள், திரும்ப அந்த பிளக்கில் ஒரு முறை காட்டுங்கள். மூன்று முறை. என்னிடம் வேலை கற்க வரும் பையன்களுக்கு முதல் வாரம் இதை மட்டும்தான் சொல்லிக் கொடுப்பேன். எம்.சி.பி.யை அணைத்த பிறகு அதன் மேல் ஒரு டேப் ஒட்டி ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று எழுதுங்கள்.

கேள்வி: புது வயரிங் பைப் போட்டாயிற்று, அடுத்த வாரம் பூச்சு. அதற்கு முன் வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது என்ன?

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எத்தனை சென்டிமீட்டரில் பைப் ஓடுகிறது என்று தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது உதவும். பைப் சாய்வாக ஓடக் கூடாது. நேர் மேலாகவோ நேர் கிடையாகவோ மட்டும் ஓட வேண்டும். வயரை இழுத்துப் பார்த்து, பைப்புக்குள் எங்கும் ஜாயின்ட் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஃபேஸ், நியூட்ரல், எர்த் நிறங்கள் வீடு முழுக்க ஒன்றுபோல இருக்க வேண்டும். பழைய வயரிங்கோடு சேரும் இடத்தில் நிறத்தை நம்பாமல் சோதிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சில முறைகளில் நீலம் நியூட்ரல், சில பழைய மூன்று ஃபேஸ் முறைகளில் நீலம் ஒரு ஃபேஸ். பூசுவதற்கு முன் ஒரு முறை, பூசிய பிறகு ஒரு முறை மெக்கர் அளவு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் வித்தியாசப்பட்டால் நடுவில் யாரோ வயரைக் காயப்படுத்தியிருக்கிறார்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன் அது தெரிந்துவிட்டால் ஒரே ஒரு சுவரோடு போய்விடும்.